ஹரி நிறுத்திவைத்த விமானம்

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணி முதல் மாலை நான்கு மணி வரை ஸ்ரீரங்கத்தில் மின்சாரம் இருக்காது என்று செவ்வாய்க்கிழமை பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். அம்மா எடுத்துப் படித்தாள். பிறகு நான் படித்தேன். உள் அறையில் ஹரியின் கம்ப்யூட்டர் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அது கிட்டத்தட்ட மூன்று வாரமாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஹரிஹரசுதன் என் அண்ணன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் கடையில் வேலை பார்த்தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுப்பான். அவன் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. பைலட் ஆக ஆசைப்பட்டவனைப் பதினெட்டு வயதில் கண் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதல் சம்பளத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் பறக்க ஆரம்பித்தான்.

கேம் என்று சொன்னால் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். "சரிங்க கேப்டன், உங்க சிமுலேட்டர்ல தோசை வேகாதுல்ல, எறங்கி வந்து சாப்பிட்டுப் போங்க" என்பாள் அம்மா. அவன் ஒரு கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் விமானத்தைத் திருப்புவான். எங்கிருந்து கிளம்பினாலும், திருச்சியில் இறங்குவதற்கு முன் எங்கள் வீட்டின் மேல் ஒரு சுற்று வருவான். அந்தத் திரையில் ஸ்ரீரங்கம் உண்டு. ஆனால் அதைச் செய்தவர்கள் யாரும் இங்கே வந்ததில்லை போலிருக்கிறது. ராஜகோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. எங்கள் தெருவில் சரிந்த சிவப்பு ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் வைத்த வீடுகள். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வீடுகளைப் பார்ப்பேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பனி பெய்யும் ஒரு ஊர் இருப்பதாகவும், அதில் எங்களைப் போலவே ஒரு குடும்பம் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும் நினைத்துக்கொள்வேன். அந்தக் குடும்பத்துக்கு இப்போது என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தையும் ஆயுதத்தையும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அங்கே ஆயுத பூஜை முடிந்து பொரியும் கடலையும் வாழைப்பழமுமாக வருவார். அதற்குள் அம்மா அரிவாள்மனையில் தொடங்கி மிக்ஸி, தையல் மெஷின், பைக், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பாள். ஹரியும் அந்த ஒரு நாள் மட்டும் பறக்க மாட்டான். மறுநாள் விஜயதசமி காலையில் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். பத்து நாற்பதுக்குச் சென்னையிலிருந்து கிளம்பினான். பன்னிரண்டு மணிவாக்கில் வீட்டுக்கு மேலே வந்ததும் நிறுத்திவைத்துவிட்டு எழுந்தான். ஓசூரில் இருக்கும் நண்பன் பிரவீன்ராஜுக்கு அப்போது அனுப்பிய மெசேஜை நான் பிறகு பார்த்தேன். "ஸ்டிக் இடது பக்கம் இழுக்குது. ஆட்டோபைலட் போட்டா ரெண்டு நிமிஷத்துல கழண்டுக்குது. சத்திரம் போய் கிளீனர் ஸ்பிரே வாங்கிட்டு வந்து இறக்குறேன். வீட்டு மேலதான் நிக்கிறேன்."

காவிரிப் பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு வேன் அவன் பைக்கை இடித்தது. இரவு முழுக்க ஆஸ்பத்திரி. மறுநாள் மத்தியானம் ஓயாமரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் அவன் அறையைப் பெருக்கும்போது மௌஸ் அசைந்து, கறுத்திருந்த திரை விழித்துக்கொண்டது. கொள்ளிடத்துக்கு மேலே, நாலாயிரம் அடி உயரத்தில், நடுப்பகல் வெயிலில் விமானம் நின்றது. இறக்கையில் சுழலும் காற்றாடிகள்கூட அப்படியே உறைந்திருந்தன. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. இடையிடையே இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கரண்ட் போகும். மேஜைக்கு அடியில் இருக்கும் சின்ன யூபிஎஸ் கீச்சிட்டுத் தாங்கிக்கொள்ளும். அப்போதெல்லாம் அம்மா எங்கிருந்தாலும் வந்து அறை வாசலில் நிற்பாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தீபாவளி எங்கள் வீட்டை விட்டுவிட்டுப் போனது. விமானம் நின்றுகொண்டே இருந்தது.

ஆறு மணி நேர மின்தடையை யூபிஎஸ் தாங்காது. ஹாலில் இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு ஃபேனுக்கும் இரண்டு லைட்டுக்குமே மூச்சு வாங்கும். இருக்கிற நிலையில் சேமித்துவிட்டு அணைக்கலாமே என்று பிரவீன்ராஜைக் கேட்டேன். இந்த விமானம் ஹரி தனியாக இணையத்தில் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்ததாம், சேவ் அழுத்தினால் மொத்தமும் மூடிக்கொண்டுவிடும், இரண்டு முறை அவர்களுக்கே அப்படி நடந்திருக்கிறது என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ கரண்ட் போறதுக்குள்ள அதை எறக்கிடு சௌமி."

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்க யாரையாவது கேளு. அந்தரத்துல விட்டுட்டு அணைக்க வேண்டாம். அவன்தான் பாதியில போனான். இதாவது தரையில போய் நிக்கட்டும்."

புதன்கிழமை மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். வயர்மேன் சவரிராஜ் வாசலில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். மாதாமாதம் இப்படி நாலு பேர் வருவதாக அவர் சொன்னார். ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்குப் பரீட்சை, போன மாதம் ஒருத்தர் மீன்தொட்டிக்காக வந்தாராம்.

"உனக்கு என்னம்மா?"

"ஒரு பிளேன் நிக்குதுங்க. அதை எறக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்காததைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "கம்பத்துல ஒட்டியிருக்கே, கண்ணாடி போட்ட தம்பி. அது உங்க வீடா?" என்று கேட்டார். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை ஹரியின் கடைக்காரர்கள் தெரு முழுக்க ஒட்டியிருந்தார்கள். ஆமாம் என்றேன். சவரிராஜ் கயிற்றைக் கீழே வைத்தார். சப்ஸ்டேஷனிலேயே நிறுத்துகிறார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை, ஒன்பதே முக்கால் என்றால் ஒன்பதே முக்கால்தான் என்றார். பிறகு, தான் அந்தப் போஸ்டரின் மேல் ஏணி சாய்க்கவில்லை, தள்ளித்தான் வைத்ததாகவும் எதற்கோ சொன்னார்.

வியாழக்கிழமை அப்பா ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, "நான் வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்ல?" என்றார். சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டார்.

பிரவீன்ராஜ் நைட் ஷிப்ட் முடித்து எட்டு மணிக்கு போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டு மானிட்டருக்குச் சாய்த்து வைத்தேன். அம்மா எனக்குப் பின்னால் ஹரியின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

இறக்குவது பெரிய விஷயமில்லை என்று அவர் ஆரம்பித்தார். முக்கால்வாசி வேலையை ஆட்டோபைலட்டே செய்யும். எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று குமிழைத் திருகிச் சொன்னால் போதும். கிழக்கே திருவெறும்பூர் தாண்டிப் போய், வளைந்து, மேற்கே பார்த்துத் திருச்சி ஓடுதளத்துக்கு நேராக வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே சரிந்து இறங்கும். தரைக்கு இருநூறு அடி இருக்கும்போது மட்டும் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் ஓட்ட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்.

"அந்தக் கடைசி இருநூறு அடிக்குத்தான் ஸ்டிக் வேணும். ஆனா இப்ப இருக்கிற ஸ்டிக்கோட, ஹரி நிறுத்திவச்ச பாஸை எடுத்து ஓட விட்டா, ரெண்டாவது நிமிஷமே ஆட்டோபைலட் கழண்டுக்கும். ஹரிக்கு அதான் ஆச்சு. முதல்ல ஸ்டிக்கைப் பாப்போம். விமானத்தைத் தொடாத."

ஜாய்ஸ்டிக் ஓர் அளவுக்கு மேல் அசைந்தால், மனிதன் தானே ஓட்ட விரும்புகிறான் என்று நினைத்து ஆட்டோபைலட் மரியாதையாக விலகிக்கொள்ளுமாம். அதனால் கை வைக்காதபோது அது அசையக்கூடாது.

கேமுக்கு வெளியே, கம்ப்யூட்டரின் அமைப்புகளில், ஜாய்ஸ்டிக்கைச் சோதிக்க ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. ஒரு சதுரம். சதுரத்தின் நடுவில் ஒரு கூட்டல் குறி நிற்க வேண்டும். அது நடுவில் இல்லை. இடது ஓரத்துக்குப் பாதி வழியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. அம்மா எழுந்து வந்து அந்தக் குறியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரியின் தலைமாட்டில் ஓடிய கோட்டை அவள் இப்படித்தான் பார்த்தாள். பிறகு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள்.

நடு எது என்று ஜாய்ஸ்டிக்குக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் காலிபரேஷனைச் செய்யச் சொன்னார். ஜாய்ஸ்டிக்கை நாலு மூலைக்கும் வட்டமாகச் சுற்றி, நடுவில் விட்டு, பொத்தானை அழுத்தினேன். குறி நடுவுக்கு வந்தது. நான் மூச்சு விட்டேன். அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, தூக்கத்தில் நடப்பவனைப் போல மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. இன்னொரு முறை செய்தேன். இன்னொரு முறை நகர்ந்தது.

அடுத்து கேமுக்குள் போய் டெட் சோனை ஏற்றச் சொன்னார். நடுவிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் ஜாய்ஸ்டிக் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே என்று விமானத்துக்குச் சொல்லும் அளவு அது. ஐந்தில் இருந்தது. இருபதாக்கினேன். முப்பது. நாற்பது. அறுபதுக்கு வந்ததும்தான் அந்த நடுக்கம் முழுவதும் அதற்குள் அடங்கியது.

"அறுபதா?" என்றார் பிரவீன்ராஜ். "இப்ப ஆட்டோபைலட் கழலாது. ஆனா எறங்கவும் முடியாது, சௌமியா. பாதி வளைக்கிற வரைக்கும் பிளேனுக்கு ஒண்ணும் கேக்காது. அதுக்கு மேல போனா ஒரேயடியா கேக்கும். குடிச்சிட்டு ஓட்டுற மாதிரி." தன் பேச்சு தனக்கே உறுத்தியிருக்க வேண்டும். "சாரிம்மா" என்றார் அம்மாவுக்கு.

"பரவால்லப்பா. நேரமாகுது" என்றாள் அம்மா.

மணி எட்டு ஐம்பது. திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றார். வயரைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் கேம் ஜாய்ஸ்டிக்கை மறந்துவிடும். மேஜை டிராயரில் ஹரியின் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்து நாலு திருகாணிகளையும் கழற்றி, அவன் மீதி வைத்திருந்த டீ டம்ளரின் மூடியில் போட்டேன். அடிப்பலகை கையோடு வந்தது. உள்ளே மெல்லிய வயர்கள், ஒரு பச்சைப் பலகை, ஜாய்ஸ்டிக்கின் தண்டுக்கு இரு பக்கமும் பொத்தானைப் போல இரண்டு வட்ட உறுப்புகள்.

"அந்த ரெண்டு வட்டத்துலதான் பிரச்சினை இருக்கும். ஒண்ணு மேல கீழ. இன்னொண்ணு இடது வலது. டார்ச் அடிச்சுப் பாரு. என்ன இருக்கு?"

ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் மேல் ஏதோ வழிந்து, விளிம்பு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. வெளிர்மஞ்சளாக, கரையில் வெடித்து, மெல்லிய ஏடு போல. நகத்தால் சுரண்டினேன். பொடியாக விரலில் ஒட்டியது. மூக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

சந்தனம்.

ஜாய்ஸ்டிக்கை மெல்ல நிமிர்த்தினேன். தண்டும் அடிப்பாகமும் சேர்கிற இடத்தில், முன்பக்கம், ஒரு குங்குமப் பொட்டு. அதற்கு அடியில் இருந்த சந்தனம் என்றோ உதிர்ந்திருந்தது. குங்குமம் மட்டும் கறுப்பு ரப்பரில் கறையாகத் தங்கியிருந்தது. கறுப்பின் மேல் சிவப்பு ஹரியின் கண்ணுக்குப் பட்டிருக்காது. இந்த வருடம் அம்மா சந்தனப் பொடியில் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டாள். மிக்ஸியிலும் பைக்கிலும் வைத்தது வழிகிறது என்று அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். இங்கே வைத்தது இடுக்கு வழியாக உள்ளே வழிந்து, ஆயுதத்தைத் தொடக்கூடாத அந்த ஒரு நாள் முழுக்க யாரும் தொடாமல் காய்ந்திருக்கிறது. மறுநாள் ஜாய்ஸ்டிக் இடது பக்கம் இழுத்தது. அதனால் அவன் ஸ்பிரே வாங்கக் கிளம்பினான்.

அம்மா இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இருக்கு சௌமியா?" என்றார் போனில்.

"தூசி."

"தூசியா? வெறும் தூசிக்கு இவ்வளவு இழுக்காதே. சரி, எடுத்துடு. பட்ஸ் இருக்கா? லேசா சுரண்டிட்டு ஊது."

குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விடுவதைப் போல வாயை அருகில் வைத்து ஊதினேன். மஞ்சள் பொடி என் சுடிதாரில் விழுந்தது. கையால் மறைத்துத் துடைத்துக்கொண்டேன். பட்ஸால் வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, மூடி, திருகாணிகளை முடுக்கி, மறுபடியும் காலிபரேஷன் செய்தேன். கூட்டல் குறி நடுவுக்கு வந்தது. ஒரு நிமிடம் பார்த்தோம். இரண்டு நிமிடம். அசையவில்லை. அவன் மூன்று வாரத்துக்கு முன் கேட்டது இவ்வளவுதான்.

"சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா.

"ஆயிடுச்சும்மா."

"தூசியா இருந்துது?"

"ஆமாம்மா."

"இதுக்காடி அவன் கடைக்குப் போனான். ஊதினாப் போறதுக்கு." அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதுல எங்கேர்ந்து தூசி வந்துது? முதல் நாள்தானே நான் எல்லாத்தையும் துடைச்சேன். ஒண்ணு விடாம துடைச்சுத்தானே பொட்டு..."

அவள் நிறுத்திவிட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் காது முழுக்க எனக்குப் பின்னால் இருந்தது. போனில் பிரவீன்ராஜ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது இருபது, இனிமேல் நேரம் இல்லை, டெட் சோனைப் பழையபடி ஐந்துக்குக் கொண்டுவா, போட்டாச்சா, போட்டாச்சா சௌமியா என்று கேட்டார்.

"போட்டுட்டேன்" என்றேன்.

பாஸை எடுத்தேன்.

இரைச்சல் திடீரென்று அறையை நிறைத்தது. மூன்று வாரமாக உறைந்திருந்த காற்றாடிகள் ஒரு வட்டப் புகையாக மாறின. கொள்ளிடம் மெல்லப் பின்னால் நகர்ந்தது. புகைபோக்கி வைத்த வீடுகள், சாம்பல் நிறக் கோபுரப் பெட்டி, எங்கள் தெரு, எல்லாம் இறக்கைக்கு அடியில் போயின. ஆட்டோபைலட் கழலவில்லை. குமிழைத் திருகினேன், விமானம் சொன்னபடி கிழக்கே சாய்ந்து திரும்பியது. ஒரு வெள்ளை மேகத்துக்குள் போய் வெளியே வந்தோம். பிரவீன்ராஜ் எண்களைச் சொன்னார், நான் எண்களைப் போட்டேன். அந்தப் பத்து நிமிடம், ஹரி டீ குடிக்க எழுந்துபோயிருக்கிறான், வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் என்று என்னால் நம்ப முடிந்தது.

"அழகா வர்ற. ஹரியை விட அழகா வர்ற. அவன் இந்த இடத்துல ஒரு தடவை கோட்டை விட்டுட்டுப் புதுக்கோட்டையே போயிட்டான்" என்றார் அவர்.

ஒன்பது முப்பத்தேழுக்கு ஓடுதளம் தெரிந்தது. வெயிலில் ஒரு வெளுத்த நூல். பொத்தானை அழுத்தினேன். சக்கரங்களை இறக்கினேன். விமானம் தலையைத் தாழ்த்தித் தானாகவே சரிந்து வந்தது. ஆயிரம் அடி. எண்ணூறு. நூல் ரிப்பனாகி, ரிப்பன் சாலையாகியது. நானூறு. முந்நூறு. இருநூறு.

"இப்ப எடு. கட்டைவிரல்கிட்ட சிவப்பு பட்டன். எடுத்துட்டு லேசா மூக்கைத் தூக்கு. லேசா."

பொத்தானை அழுத்தினேன். ஆட்டோபைலட் விலகியது. ஜாய்ஸ்டிக்கை லேசாக இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காற்று வலது பக்கம் தள்ளியது. இடது பக்கம் லேசாகச் சாய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். தரை மேலேறி வந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஐந்து என்று மாற்றவே இல்லை, அறுபது அப்படியே இருக்கிறது என்று. அதற்குள் என் கை பாதியைத் தாண்டியிருந்தது. விமானம் நான் சொன்னது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டது. இடது இறக்கை செங்குத்தாகக் கீழே போனது. புல்லின் பச்சை திரை முழுவதையும் நிறைத்தது.

சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. திரை கறுத்தது. ஆங்கிலத்தில், வெள்ளை எழுத்தில், விமானம் நொறுங்கிவிட்டதாக ஒரு வரி வந்தது.

பிரவீன்ராஜ் இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காரணம் என்னவென்று சொல்ல முடியவில்லை. டெட் சோனை மாற்ற மறந்தேன் என்று சொன்னால், ஏன் மறந்தேன் என்று கேட்பார். ஸ்டிக் மறுபடி இழுத்துவிட்டது என்றேன். பழைய ஸ்டிக், அப்படித்தான் செய்யும், உன் தப்பில்லை என்றார் அவர். அம்மாவிடம் கொடு என்றார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கறுப்பு விலகித் திரை தானாக வெளுத்தது. நொறுங்கினால் அந்தப் பயணத்தின் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதே விமானம், முழுதாக, ஒரு கீறல் இல்லாமல், நீளமான ஓர் ஓடுதளத்தின் முனையில் நின்றது. காற்றாடிகள் சுழன்றுகொண்டிருந்தன. காலை வெயில் இறக்கையில் பட்டு மின்னியது.

அம்மா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"இது எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"எறங்கலையா?"

"இல்லம்மா. திரும்ப முதல்லேர்ந்து வந்து நிக்குது."

திரையின் மூலையில் சிறிய எழுத்தில் தேதியும் நேரமும் இருந்தன. விஜயதசமி. காலை பத்து நாற்பது. அம்மா அதைக் குனிந்து, உதட்டை அசைத்துப் படித்தாள். அந்த நேரத்தில் அவன் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் அடுப்படியில் இருந்து சுண்டல் வேண்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். அதை நானும் கேட்டேன்.

ஒன்பதே முக்கால் ஆனது. தெருவில் ஏதோ ஒரு வீட்டு மோட்டார் நின்றது. தலைக்கு மேலே ஃபேன் வேகம் குறைந்து, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கீச்சிட்டது. அதில் இன்னும் பத்து நிமிடமாவது பேட்டரி இருக்கும். அந்த விமானம் கிளம்பக் காத்திருந்தது. ஜாய்ஸ்டிக் சரியாக இருந்தது. டெட் சோனை ஐந்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பத்து நிமிடத்தில் வர முடியாது.

"அணைச்சிடு" என்றாள் அம்மா.

அணைத்தேன். முதலில் வெளிச்சம் போனது. பிறகு அந்த இரைச்சல். அது நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. வெளியே சவரிராஜோ வேறு யாரோ ஏணியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

அம்மா ஜாய்ஸ்டிக்கை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். எல்லா இடத்தையும் துடைக்கவில்லை. தண்டும் அடிப்பாகமும் சேர்கிற அந்த ஒரு இடத்தை மட்டும், திரும்பத் திரும்பத் துடைத்தாள். குங்குமம் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். ரப்பரில் ஊறியிருந்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். தூசிதான் என்று இன்னொரு முறை சொல்லலாம். அவள் என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"கொஞ்சம் தண்ணி கொண்டா சௌமி" என்றாள். "காஞ்சு போச்சு. வர மாட்டேங்குது."

தண்ணீர் உள்ளே போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், குடத்திலிருந்து அரை டம்ளர் மொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன்.